மதகும் மனுவும்

2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தொடர்பாக ஓர் உத்தரவு பிறப்பித்தது. சதுப்பு நிலத்தின் ராம்சார் எல்லைக்குள்ளும் அதிலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவு வரையிலும், அறிவியல் ஆய்வு முடியும்வரை கட்டுமானத் திட்ட அனுமதி தரக்கூடாது என்றது. எல்லாரும் காத்திருக்க நேர்ந்தது ஒரு புதிய சட்டத்துக்காக அல்ல, ஓர் அளவீட்டுக்காக. 2022 ஏப்ரலில் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியைப் பெற்றபோது குறிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். அதில் வனத்துறையின் கையில் இருப்பது ஏறத்தாழ 698 ஹெக்டேர். மிச்சமுள்ள 550 ஹெக்டேர் எந்தெந்தப் புல எண்களில் வருகிறது, அவற்றில் எது பட்டா, எது புறம்போக்கு என்று நிலத்தில் இறங்கிச் சரிபார்த்து முடிக்காமலே மூன்று ஆண்டுகள் போய்விட்டன. அந்த எல்லைக்கு வெளியே இன்னொரு கோடும் வரைய வேண்டியிருந்தது. 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு, மேலாண்மை விதிகள் 'தாக்க மண்டலம்' என்று ஒன்றை வரையறுக்கின்றன: ஈரநிலத்தின் நீர்ப்பிடிப்புப் பரப்பில் எந்தப் பகுதியில் நடக்கும் வளர்ச்சிப் பணிகள் ஈரநிலத்தின் இயல்பைக் கெடுக்குமோ, அந்தப் பகுதி. வரையறை சட்டத்தில் இருக்கிறது. அதற்கான விடையோ நிலத்தின் வாட்டத்திலும் மழையின் அளவிலும் தண்ணீர் போகும் வழியிலும் இருக்கிறது.

கோடு வரைந்த மறுநாளே கேள்விகள் மீண்டும் சட்டத்துக்குத் திரும்பிவிடும். கோட்டுக்குள் விழுந்த பட்டாதாரருக்கு முன்னறிவிப்பு தரப்பட்டதா, ஏற்கெனவே வாங்கிய அனுமதி செல்லுமா, இழப்பீடு உண்டா, மேல்முறையீடு எங்கே என்று கேட்பார்கள். தண்ணீர் கணக்கு மட்டும் தெரிந்தவர் இங்கே தடுமாறுவார். தீர்ப்புகளை மட்டும் படித்தவர் கோடு வரையும் இடத்திலேயே நின்றுவிடுவார். தென்சென்னைப் புறநகரின் சூழல் வழக்குகளில் பெரும்பாலானவை இப்படித்தான் அமைந்திருக்கின்றன: வழக்கைத் தீர்மானிக்கும் சட்டக் கேள்வியே ஓர் அறிவியல் கேள்வியாகவும் இருக்கிறது. ஆகவே சட்டத்தையும் சூழலியலையும் சேர்த்துப் படிக்கும் முதுகலைப் படிப்பு, சட்டப் படிப்பின் ஒரு சிறப்புப் பிரிவாக மட்டும் இருந்தால் போதாது. இரு துறை மாணவர்களும் ஒரே நீர்ப்பிடிப்பை முன்னால் வைத்துக்கொண்டு படிக்கும் தனித் துறையாக அது அமைய வேண்டும், அதற்குத் தாம்பரம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளின் சட்டநிலையைப் பார்த்தாலே இது விளங்கும். 2017 விதிகளின் ஈரநில வரையறையிலிருந்து ஆறுகள், நெல்வயல்கள், குடிநீருக்காக வெட்டப்பட்ட நீர்நிலைகள் ஆகியவற்றோடு பாசனத்துக்காக மனிதர் கட்டிய அமைப்புகளும் விலக்கப்பட்டிருக்கின்றன. விதியை எழுத்துப்படி படித்தால் சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் என்று நீளும் வரிசையில் பெரும்பாலானவை ஈரநிலம் ஆகா. ஏனென்றால் அவை ஏரிகள். கரை போட்டு, மதகு வைத்து, கீழே இருக்கும் வயலுக்கு நீர் பாய்ச்ச எழுப்பப்பட்டவை. ஆனால் அந்த வயல்கள் இன்று இல்லை. ஆயக்கட்டு முழுவதும் வீட்டுமனைகளாகிவிட்டது. பாசனம் நின்று பல பத்தாண்டுகள் ஆகியும், பாசன ஏரி என்ற காரணத்தால் பாதுகாப்புக்கு வெளியே நிற்கும் நீர்நிலையை எப்படி வகைப்படுத்துவது? கட்டிய நோக்கத்தைப் பார்ப்பதா, இப்போது அது செய்யும் வேலையைப் பார்ப்பதா? நோக்கம் என்றால் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். வேலை என்றால் நிலத்தடி நீர் ஊறலையும், வெள்ளத்தைத் தாங்கும் கொள்ளளவையும், வலசை வரும் பறவைகளையும் அளந்து காட்ட வேண்டும். மாநிலச் சட்டத்திலும் இதே ஆயக்கட்டுதான் நிழலாக விழுகிறது. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்கானது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் இருந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2015-இல், இந்தச் சட்டத்துக்குள் வராத நீர்நிலைகளுக்கும் பாதுகாப்பு உண்டு என்று தெளிவாக்கியது. அந்தத் தீர்ப்பு பெரிய துணை. ஆனாலும் எது நீர்நிலை, அது எதுவரை என்ற கேள்வி ஒவ்வொரு ஏரியிலும் தனியாக நிரூபிக்க வேண்டியதாகவே இருக்கிறது.

2017 விதிகளின் ஈரநில வரையறையையும் தாக்க மண்டல வரையறையையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு புது வழி புலப்படும். சிட்லபாக்கத்தின் உபரிநீர் செம்பாக்கத்துக்கும், செம்பாக்கத்தின் உபரி நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைக்கும் போய்ச் சேருகிறது. பள்ளிக்கரணையிலிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து கோவளம் பக்கம் கடலில் கலக்கிறது. அப்படியானால், தனித்தனியே ஈரநிலம் அல்லாத இந்த ஏரிகள், ராம்சார் தலமான பள்ளிக்கரணையின் நீர்ப்பிடிப்புப் பரப்பில் இருக்கின்றன. தாக்க மண்டலத்தின் வரையறை நீர்ப்பிடிப்பைத்தானே பேசுகிறது! வரையறையின் ஒரு பிரிவு விலக்கிவிட்ட ஏரியை இன்னொரு பிரிவு திரும்ப அழைத்துக்கொள்ள இடமிருக்கிறது. நீதிமன்றம் இதை ஏற்குமா என்பது வேறு விஷயம். ஆனால் இந்த வாதத்தை முன்வைக்க விதியின் சொற்களும் தெரிய வேண்டும், செம்பாக்கத்தின் கலங்கலில் வழியும் நீர் மழைக்காலத்தில் சதுப்பு நிலத்துக்கு எவ்வளவு கொண்டுபோகிறது என்ற அளவும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மனு நிற்காது. மேற்கே இரும்புலியூர், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர் ஏரிகளின் நீர் அடையாற்றுப் பக்கம் போகிறது; அவற்றுக்கு இந்த வாதம் பொருந்தாது. ஒரே மாநகராட்சியின் கிழக்கு ஏரிக்கும் மேற்கு ஏரிக்கும் வாதம் மாறுகிறது என்பதையே நிலத்தின் வாட்டம் தெரியாதவர் கண்டுகொள்ள மாட்டார்.

ஏரியின் எல்லை என்பதே வருவாய்த்துறைக்கு ஒன்றாகவும் நீருக்கு வேறொன்றாகவும் இருக்கிறது. புலப்பட வரைபடத்தில் நீளமும் அகலமும் உண்டு, உயரம் கிடையாது. நீரோ உயரத்தை மட்டுமே அறியும். ஏரியின் முழு நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது கலங்கலின் மேல்விளிம்பு. இந்தக் கடலோரச் சமவெளியில் நிலத்தின் வாட்டம் மிகக் குறைவு. 500 அடிக்கு 1 அடி என்ற வாட்டத்தில் கலங்கலை ஓர் அடி இறக்கினால், உள்வாய்ப் பக்கம் நீர்விளிம்பு 500 அடி பின்வாங்கும். யாரும் மண் கொட்டவில்லை, யாரும் வேலி போடவில்லை. ஆயினும் அந்த 500 அடி நிலம் காய்ந்த மனையாகத் தெரியத் தொடங்கும். ஆக்கிரமிப்பைத் தேடும் சட்டக் கண்ணுக்கு ஆளும் வேலியும்தான் தெரியும், இறக்கப்பட்ட கலங்கல் தெரியாது. 2017 விதிகள் நிரந்தரக் கட்டுமானத்தைத் தடை செய்வது, விதிகள் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முந்தைய பத்தாண்டுகளில் பதிவான சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள். அந்தப் பத்தாண்டுக்குள் 2015 டிசம்பரும் அடங்கும். அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய ஒரு வெள்ளத்தைச் சராசரியில் எப்படிச் சேர்ப்பது, பதிவே இல்லாத ஆண்டுகளுக்கு என்ன செய்வது, செயற்கைக்கோள் படத்தைச் சான்றாக ஏற்கலாமா என்பவை புள்ளியியல் கேள்விகள். ஆனால் அவற்றின் விடையைப் பொறுத்து ஒருவர் வீடு கோட்டுக்கு உள்ளே வரும் அல்லது வெளியே போகும். சாட்சியச் சட்டம் அறியாத புள்ளியியலாளரிடமும், சராசரி என்றால் என்னவென்று குறுக்கு விசாரணை செய்யத் தெரியாத வழக்கறிஞரிடமும் இதை ஒப்படைப்பது குடும்பங்களின் வாழ்வோடு விளையாடுவதாகும்.

காலவரம்பும் இப்படித்தான். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, வழக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். ஏரி ஒரே நாளில் சாவதில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவின் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் சேர்ந்து, வடிகால் ஏரியில் சேர்ந்து, சத்துப்பொருள் ஏறி, ஆகாயத்தாமரை படர்ந்து, அடியில் உயிர்வளி குறைந்து, மீன் செத்து மிதக்க ஆண்டுகள் ஆகும். இதில் முதல் நாள் எது? தொடர்ந்து நிகழும் கேடு என்று வாதிடலாம். அந்த வாதத்தை எதிராளி மறுக்கும்போது, நீரின் தரம் எந்தப் பருவத்தில் எந்த எல்லையைத் தாண்டியது என்று காட்டும் தொடர் பதிவு வேண்டும். அந்தப் பதிவை எந்த இடைவெளியில், எந்த ஆழத்தில், யார் முன்னிலையில் எடுத்தால் தீர்ப்பாயத்தில் செல்லுபடியாகும் என்று முன்கூட்டியே தெரிந்து மாதிரி எடுக்க ஆளும் வேண்டும்.

குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதியின் தோல் பதனிடும் தொழில் இன்னும் பழைய பாடம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பை நாட்டின் எல்லாச் சட்ட மாணவர்களும் படிக்கிறார்கள். முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்பு அது. வேலூரின் பெயரால் அது அறியப்பட்டாலும், ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தபோது குறிப்பிடப்பட்ட ஐந்து மாவட்டங்களில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று, அன்று பல்லாவரமும் குரோம்பேட்டையும் அம்மாவட்டத்தில்தான் இருந்தன. மாணவர்கள் கோட்பாட்டின் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். தீர்ப்புக்குப் பிறகு நடந்த கடினமான வேலையைப் படிப்பவர்கள் குறைவு. இழப்பை மதிப்பிட ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. எந்தக் கிணறு எப்போது உவர்த்தது, எந்த வயலின் விளைச்சல் எவ்வளவு குறைந்தது, எந்த ஆலையின் கழிவு எந்தப் பக்கம் இறங்கியது என்று குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. கோட்பாட்டை அறிவிக்க ஒரு தீர்ப்பு போதுமாயிருந்தது. அதை ரூபாயாக மாற்ற வேளாண் அறிவியலும் நிலத்தடி நீரியலும் பல ஆண்டுகளும் தேவைப்பட்டன. இத்தனைக்கும் பிறகு வேலூர்ப் பகுதியின் மாசு குறித்து 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு குழு அமைக்க நேர்ந்தது.

இன்னும் நுட்பமான ஒன்றும் இதில் உண்டு. தோல் கழிவுநீரில் உயிர்வேதி உயிர்வளித் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராமுக்குள், அதில் ஆறு இணைதிறன் குரோமியம் 0.1 மில்லிகிராமுக்குள், கரைந்த திடப்பொருள் 2,100 மில்லிகிராமுக்குள் என்று வரம்புகள் உண்டு. நுண்ணுயிர் கொண்டு சுத்திகரிக்கும் பொது நிலையம் முதல் வரம்பை எளிதில் எட்டிவிடும். உப்பு அந்த முறையில் அகலாது. அதற்குச் சவ்வூடு பரவல் போன்ற வேறு முறை வேண்டும். ஆகவே ஓர் ஆலையின் அறிக்கையில் மூன்று வரி 'வரம்புக்குள்' என்று இருந்தும், நாலாவது வரியில் சொல்லாமல் விட்ட உப்பு கிணறுகளைக் கெடுத்துக்கொண்டே இருக்கலாம். அறிக்கையில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வழக்கறிஞரின் திறமை என்றால், இங்கே அந்தத் திறமைக்கு வேதியியல் தேவைப்படுகிறது.

நீதிமன்றங்கள் இந்தக் குறையை நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. ஐதராபாத்தின் குடிநீர் ஏரிகளின் நீர்ப்பிடிப்பில் ஓர் எண்ணெய் ஆலை அமைவது பற்றிய நாயுடு வழக்கில், 1999-இல் உச்ச நீதிமன்றம், சூழல் வழக்குகளை விசாரிக்கும் அமைப்புகளில் அறிவியலாளரும் அமர வேண்டும் என்று விரிவாக எழுதியது. 2003-இல் சட்ட ஆணையத்தின் 186-ஆவது அறிக்கை அதை வழிமொழிந்தது. 2010-இன் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் அதன் விளைவு: ஒவ்வோர் அமர்விலும் நீதித்துறை உறுப்பினரோடு வல்லுநர் உறுப்பினரும் இருப்பார். வல்லுநருக்கு முனைவர் பட்டத்தோடு கூடிய அறிவியல் முதுகலையோ பொறியியல் முதுகலையோ, அதனுடன் துறையில் 15 ஆண்டு அனுபவமும் வேண்டும் என்கிறது 5-ஆவது பிரிவு. நிர்வாக அனுபவத்தின் வழியாகவும் வரலாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1980 முதல் இயங்கும் நிலம், சூழல் நீதிமன்றத்திலும் நீதிபதிகளோடு திட்டமிடல், சூழலியல் போன்ற துறைகளில் தேர்ந்த ஆணையர்கள் அமர்கிறார்கள். நாம் நீதிபதியையும் அறிவியலாளரையும் ஒரே மேடையில் உட்கார வைத்துவிட்டோம். அவர்கள் முன்னால் நின்று வாதாடுபவரையும், அவர்களுக்கு அறிக்கை எழுதுபவரையும், அந்த மேடையில் நாளை உட்காரப்போகிறவரையும் சேர்ந்து படிக்க வைக்கவில்லை.

படிப்பின் இன்றைய நிலை என்ன? இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளில் சுற்றுச்சூழல் சட்டம் இளநிலைப் படிப்பின் கட்டாயப் பாடம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு முதுகலைப் பிரிவே இருக்கிறது. அதன் சீர்மிகு சட்டப் பள்ளி பெருங்குடியில், சதுப்பு நிலத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில்தான் அமைந்திருக்கிறது. நாட்டில் பொதுவாக இத்தகைய படிப்புகள் ஸ்டாக்ஹோம் 1972, ரியோ 1992, 1974-இன் நீர்ச் சட்டம், 1981-இன் காற்றுச் சட்டம், 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், ஓர் ஆய்வேடு என்ற வரிசையில் போகின்றன. இவை வேண்டியவைதாம், அடித்தளம் இல்லாமல் எதுவும் நிற்காது. ஆனால் கதவு ஒரு பக்கம்தான் திறந்திருக்கிறது. பார் கவுன்சிலின் 2020-ஆம் ஆண்டு முதுகலை விதிகள், சட்ட இளநிலைப் பட்டம் இல்லாதவர்களுக்குத் தரும் எந்தப் படிப்பையும் எல்.எல்.எம். என்று அழைக்கக்கூடாது என்கின்றன. தாவரவியல் படித்துவிட்டுச் சட்டம் கற்க வருபவர் முதலில் மூன்று ஆண்டு சட்ட இளநிலை படித்தால்தான் அந்த வகுப்பறைக்குள் வர முடியும். அமெரிக்காவின் வெர்மான்ட் சட்டப் பள்ளி, வழக்கறிஞர் அல்லாதவர்களுக்கும் சூழல் சட்ட முதுகலையைப் பல பத்தாண்டுகளாக வழங்கிவருகிறது. பெயரைக் காப்பாற்ற பார் கவுன்சிலுக்கு உரிமை உண்டு, எல்.எல்.எம். என்ற பெயரை வைத்துக்கொள்ளட்டும். பல்கலைக்கழகங்கள் வேறு பெயரில் வேறொரு முதுகலையைத் தொடங்க எந்த விதியும் தடை சொல்லவில்லை.

இதற்கு மூத்த வழக்கறிஞர்கள் சொல்லும் முதல் மறுப்பு நியாயமானது. மருத்துவ அலட்சிய வழக்கை நடத்த வழக்கறிஞர் மருத்துவம் படிக்க வேண்டியதில்லை, வல்லுநரைச் சாட்சியாக அழைத்தால் போதும். அரைகுறை அறிவியல் கற்ற வழக்கறிஞர் ஆபத்தானவர் என்கிறார்கள். ஆனால் சூழல் வழக்குகளில் வல்லுநர் பெரும்பாலும் யாருடைய ஆள்? தீர்ப்பாயம் கூட்டுக் குழு ஒன்றை அமைக்கும். அதில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாவட்ட நிர்வாகமும் சம்பந்தப்பட்ட துறைகளும் இடம்பெறும். அவற்றில் சில, வழக்கில் பிரதிவாதிகளாகவும் இருக்கும். குழுவின் அறிக்கையே தீர்ப்பின் அடிப்படையாகிவிடும் போக்கை உச்ச நீதிமன்றம் 2022-இல் ஒரு குஜராத் வழக்கில் கண்டித்தது. தீர்ப்பளிக்கும் பொறுப்பைத் தீர்ப்பாயம் குழுவிடம் ஒப்படைக்க முடியாது என்றது. அந்த அறிக்கையின் மாதிரிகள் மழை பெய்த மறுநாள் எடுக்கப்பட்டவையா, கோடையில் எடுக்கப்பட்டவையா என்று கேட்கத் தெரிந்தவர் மனுதாரரின் பக்கம் நின்றால்தான் இந்தக் கண்டிப்புக்குப் பொருள் உண்டு. சொந்தமாக வல்லுநரை அமர்த்திக்கொள்ளக் கட்டுநருக்கு வசதி இருக்கிறது. செம்பாக்கத்தின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு அந்த வசதி இல்லை. கேட்கத் தெரிந்த வழக்கறிஞரே அச்சங்கத்தின் முதல் வல்லுநர்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கசப்பானது: சட்டமும் போதும், அறிவும் போதும், இல்லாதது மன உறுதி, அரசே சதுப்பு நிலத்தில் கட்டியிருக்கிறதே என்பது. உண்மைதான். தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும், தேசியக் காற்றாற்றல் நிறுவனமும், பறக்கும் ரயில் பாதையும் அந்தத் தாழ்நிலத்தில் எழுந்தவை. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு அதன் நெஞ்சில் கிடக்கிறது. அப்போது அந்த நிலத்துக்குக் கழுவெளி என்றும் தரிசு என்றும்தான் மதிப்பு இருந்தது. பின்னர் 2007-இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடானது. 2022-இல் ராம்சார் தகுதி வந்தது. இடையில் அரசியல் தானாகத் திருந்திவிடவில்லை. தாவரங்களையும் பறவைகளையும் பட்டியலிட்டு, எஞ்சிய பரப்பை அளந்து, வரைபடமாக்கி முன்வைத்தவர்களின் உழைப்பு மதிப்பை மாற்றியது. கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025-இல் ராம்சார் அமைப்பின் விருது கிடைத்தது அந்த உழைப்பின் அடையாளம். மன உறுதியற்ற அதிகாரி ஒளிந்துகொள்ளும் இடம் எப்போதும் தெளிவின்மைதான்: எல்லை முடிவாகவில்லை, ஆய்வு நடக்கிறது, பதிவேடு கிடைக்கவில்லை. தெளிவு வந்தால் அவர் நேர்மையாகிவிடுவார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒளிய இடம் குறையும்.

என் மனத்தை மிகவும் உறுத்துவது மூன்றாவது மறுப்பு. சூழல் சட்டம் கூர்மையாகும்போது முதலில் வெட்டுப்படுவது ஏழையின் கூரை. ஆற்றோரத்துக் குடிசை ஒரே நாளில் ஆக்கிரமிப்பு ஆகிவிடுகிறது; அதே ஆற்றின் வெள்ளப் பரப்பில் அனுமதியோடு எழுந்த அடுக்ககம் திட்டமாகவே இருக்கிறது. அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். இம்மூன்றும் பள்ளிக்கரணையின் தாழ்நிலப் பக்கத்தில் இருப்பவை. நீரோரத்தில் வாழ்வது ஆபத்து என்று சொல்லி அழைத்துவந்து, வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் பல கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு நீரோரத்தில் விட்டோம். தாக்க மண்டலத்தின் கோடு நாளை பெரும்பாக்கத்தைத் தொட்டால் அந்தக் குடும்பங்கள் மறுபடியும் பெயர வேண்டுமா? இந்தக் கேள்வியைப் பாடத்திட்டத்துக்கு வெளியே வைக்கும் எந்தப் படிப்பையும் நான் ஆதரிக்க மாட்டேன். வீட்டுரிமை, மறுகுடியமர்வு, நிலத்தின் சாதி வரலாறு ஆகியவை நீரியலுக்குச் சமமான எடையோடு முதல் பருவத்திலேயே இருக்க வேண்டும். திருப்பதியின் இரண்டு ஏரிகள் பற்றிய 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பொது நம்பிக்கைக் கோட்பாட்டைப் பேசிய அதே மூச்சில், ஏற்கெனவே எழுந்துவிட்ட வீடுகளை இடிக்காமல், இனிக் கட்டுமானம் கூடாது, மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தது. அந்தச் சமரசம் சரியா என்று வகுப்பில் நாள்கணக்கில் வாதிடலாம். எதை இடிப்பது, எதை விட்டுவைத்து நீருக்கு வழி செய்வது என்று தரம் பிரிக்கும் அறிவு இல்லாத இடத்தில் இடிப்பது பலவீனமானவரின் வீடாகத்தான் முடிகிறது.

இந்தப் படிப்பு எங்கே அமையும், என்ன செய்யும்? தாம்பரத்தில் சென்னை கிறித்துவக் கல்லூரி இருக்கிறது: 1937-இல் இங்கே இடம்பெயர்ந்தது முதல் 365 ஏக்கர் புதர்க்காட்டைக் காத்துவரும் கல்லூரி, தாவரவியலிலும் விலங்கியலிலும் நெடிய மரபு உள்ளது. பெருங்குடியில் சட்டப் பள்ளி, கிண்டியில் ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழகமும், சேப்பாக்கத்தில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. எல்லாம் ஒரே புறநகர் ரயிலிலும் பேருந்திலும் எட்டும் தூரம். ஒரு பல்கலைக்கழகம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை, இரண்டு மூன்று நிறுவனங்கள் சேர்ந்து பட்டம் வழங்கலாம். பாதி இடம் சட்டம் படித்தவர்களுக்கு, பாதி அறிவியலும் பொறியியலும் சமூக அறிவியலும் படித்தவர்களுக்கு. சட்டம் படித்தவர் மட்டக்கோட்டு வரைபடத்தையும் ஆய்வக அறிக்கையையும் படிக்கக் கற்பார். அறிவியல் படித்தவர் பிரமாணப் பத்திரத்தையும் காலவரம்பையும் சாட்சியச் சட்டத்தையும் கற்பார். பிறகு இருவர் இருவராக ஓர் ஏரியை எடுத்துக்கொண்டு, வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டிலிருந்து கலங்கல் உயரம்வரை ஓர் ஆண்டு பின்தொடர்வார்கள். ஆய்வேடு இரு மொழியில் இருக்க வேண்டும். அடங்கலும் சிட்டாவும் குடியிருப்போரின் மனுவும் தமிழில் இருக்கின்றன. தீர்ப்பாயத்தின் விசாரணை ஆங்கிலத்தில் நடக்கிறது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை மாநில மொழிகளில் வெளியிடச் செய்யவே டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஏரிக்கரையில் இருப்பவர் தன் ஏரியைப் பற்றிய ஆய்வைத் தானே படித்துத் தவறைச் சுட்டிக்காட்ட முடியாவிட்டால், அது அரைச் சான்றுதான்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்க வேண்டும். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள் ஏரிகளின் பெரிய வரிசை ஒன்று இருக்கிறது. அவற்றின் மேல் நீர்வளத் துறை, வருவாய்த்துறை, மாநகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று நான்கு கைகள் விழுகின்றன. மாநில ஈரநில ஆணையமும் ஈரநில இயக்கமும் பிறந்திருக்கின்றன. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்கள் அனைத்தையும் களத்தில் சரிபார்த்து எல்லை குறிக்கும்படி மாநிலங்களுக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. இந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும். இன்று இது வருவாய் ஆய்வாளரின் நூறு வேலைகளில் ஒன்றாகவோ, வெளியூர் ஆலோசனை நிறுவனத்தின் ஒப்பந்தமாகவோ நடக்கிறது. மாநகராட்சியும் வாரியமும் தங்கள் பணியாளர் விதிகளில் இப்படிப்பைத் தகுதியாகச் சேர்த்து, மண்டலத்துக்கு இருவரை எடுத்தாலே முதல் சில ஆண்டுகளின் மாணவர்களுக்கு வேலை உண்டு. அதைவிட எளிதாக இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இப்போதுள்ள சட்ட முதுகலை மாணவர்களுக்கும் சூழலியல் முதுகலை மாணவர்களுக்கும் ஒரே ஏரியை ஆய்வுப் பொருளாகக் கொடுத்து, ஒரே வழிகாட்டிக் குழுவின் கீழ் எழுதச் செய்து, அந்த ஆய்வேடுகளின் படிகளை மாநகராட்சி அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் தீர்ப்பாயத்தின் நூலகத்திலும் வைக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ பார் கவுன்சிலின் அனுமதியோ தேவையில்லை. இரண்டு துறைத் தலைவர்கள் கையெழுத்திட்டால் போதும்.